பரணில் இருந்த மூட்டை

மேடம், உங்கள் மேஜையில் ஒன்பது பேனா இருக்கிறது. அதில் எழுதுவது இரண்டுதான். எனக்குக் கொடுப்பதற்காக ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்தீர்களே, அப்போது கவனித்தேன். எழுதாத ஏழையும் மறுபடி அதே டப்பாவில் போட்டு வைத்தீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான். எடுத்து எறிய யாருக்கும் மனசு வருவதில்லை.

ஸ்டேஷனுக்கு வந்ததும் நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். என் பெயர் எல்சி. வயது நாற்பத்தாறு. காசிமேட்டில் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஒரு பரண். பிள்ளைகள் இல்லை. கணவர் வில்சன் விசைப்படகு டிரைவர். படகு அவருடையது அல்ல, முதலாளி ஒருவருடையது. ஆறு பேர் போகிற படகு.

எனக்குச் சாமான்கள் என்றால் பயம். சிரிக்காதீர்கள். சிலருக்குப் பாம்பு, சிலருக்குப் பல்லி, எனக்கு வழியில் கிடக்கிற சாமான். பதினோரு வயதில் எங்கள் குப்பத்தில் தீப்பிடித்தது. குடிசை வாசலில் அப்பாவின் வலை குவிந்து கிடந்தது. நான் தாண்டி வெளியே வந்துவிட்டேன். என் தங்கை மெர்சிக்குச் சின்னக் கால். வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டது. அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எத்தனை முறை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும், ஆனால் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

தடைக்காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏப்ரல் பாதியிலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்போதுதான் படகைப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். துறைமுகத்தில் விட்டால் களவு போகும் என்று படகில் இருப்பதை எல்லாம் டிரைவர் வீட்டில் கொண்டுவந்து அடுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வலை, கயிறு, மிதவை, சமையல் பாத்திரம், டீசல் கேன். வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. கதவு பாதிதான் திறக்கும். கூடவே அவரும் இருப்பார். அறுபத்தொரு நாளும் டிவி சத்தம், தோஸ்துகள், சீட்டுக்கட்டு, பாதி குடித்த டீ.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்மேல் கை வைத்ததில்லை. குடிப்பார், கலாட்டா செய்ய மாட்டார். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். ஆனால் நல்ல மனிதரும் இடத்தை அடைத்துக்கொண்டுதானே உட்கார வேண்டும்.

இந்த வருடம் தடைக்காலத்தின் இரண்டாவது வாரத்தில் எனக்கு மூச்சடைப்பு வந்தது. டாக்டரம்மா இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல, மனசை லேசா வச்சுக்குங்க" என்றார். போனில் ஒரு வகுப்பு கிடைத்தது. தினமும் இருபது நிமிடம். வீடு, நேரம், மனசு, மூன்றையும் இந்த வரிசையில் ஒழிக்க வேண்டும் என்று வகுப்பெடுத்த அம்மா சொல்லிக்கொடுத்தார். ஒரு பொருளைக் கையில் எடு, ஒரு வருஷத்தில் இதைத் தொட்டோமா என்று கேள், இல்லை என்றால் அனுப்பிவிடு. அவ்வளவுதான் பாடம். நான் நல்ல மாணவி.

முதலில் வீடு. ஓட்டை டப்பாக்கள், நின்றுபோன கடிகாரம், கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குத்துவிளக்குகூடப் போனது. காயலான் கடை ஷாகுல் ஹமீது பாய் வாரம் ஒருமுறை தள்ளுவண்டியோடு வந்தார். வில்சன் தடுக்கவில்லை. "இன்னா எல்சி, வூட்டையே தொடச்சி எட்த்துட்ட? என்னியும் வண்டில ஏத்தி அன்ப்பிடாத" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கைப் பேச்சுதான்.

அடுத்தது நேரம். மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்னுடைய நேரம் என்று காலண்டரில் குறித்தேன். டிவி இல்லை, பேச்சு இல்லை, போன் சத்தம் இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவர் வெளியே போய்க் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருப்பார். ஐந்தடித்ததும் கதவைத் தட்டுவார். ஒரு நாளும் முன்னால் தட்டியதில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "எல்சி, இந்த வர்சத்தோட கடல வுட்டுர்றேன். போட்டுக்குப் பின்னால பலக ஊறிப்போய்க் கீது, மொதலாளி மாத்த மாட்டேன்றான். எனக்கும் முட்டி போச்சி. இனிமே வூட்டோடதான். நீயும் நானும்."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அறுபத்தொரு நாளை நான் எண்ணி எண்ணித்தான் கடந்துகொண்டிருந்தேன். இனி எண்ணவே முடியாது என்று தோன்றியது. எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. "சரி" என்றேன். மீன் துண்டை அவர் தட்டில் வைத்தேன்.

அடுத்த வாரம் பரணை ஒழித்தேன். அங்கே ஒரு வெள்ளைச் சாக்கு மூட்டை. உள்ளே ஆறு லைஃப் ஜாக்கெட். ஆரஞ்சு நிறம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. மே மாதம் அதிகாரிகள் படகைச் சோதிக்க வந்தபோது காட்டிவிட்டு மறுபடி கட்டி மேலே போட்டது. எங்கள் ஆட்கள் அதைப் போட மாட்டார்கள் மேடம். கடலுக்குப் போகிறவன் ஜாக்கெட் மாட்டினால் மாதாவை நம்பாதவன் என்று கேலி செய்வார்கள். வில்சனே பல தடவை சொல்லியிருக்கிறார், "அதெல்லாம் ஆபீசருக்குக் காட்டத்தான். எவன் அத்த மாட்டிகினு வல இழ்ப்பான்?" அவர் வாயால் சொன்னது. அந்தப் படகில் போகிற ஆறு பேரில் ஒருவர்கூட ஐந்து வருடமாக அதைத் தொட்டதில்லை. ஆக, பாடத்தின்படி அது அனுப்ப வேண்டிய பொருள்தான்.

ஷாகுல் பாய் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "எம்மா, இது போட்டு சாமானாச்சே. வில்சன் அண்ணனுக்குத் தெரியுமா?"

"புச்சு வந்துட்ச்சி பாய். அவருதான் எட்த்துனு போகச் சொன்னாரு" என்றேன்.

வில்சன் அப்போது படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வீணாகச் சண்டை வரக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். சண்டையும் ஒருவகைக் குப்பைதான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் பதினைந்து விடியற்காலை படகு புறப்பட்டது. சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது மூட்டை இல்லாவிட்டால் கேட்பார் என்று அதே சாக்கில் நான்கு தலையணை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். வீட்டிலும் தலையணை குறைய வேண்டியிருந்தது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான்கில் ஒன்று அவருடையது. நீலப் பூப்போட்ட உறை, நானே தைத்தது. அவர் எழுந்து குளிக்கப் போனதும் எடுத்து வைத்தேன்.

முதல் முறை போய்விட்டு எட்டாம் நாள் திரும்பி வந்தார். "எந் தலகாணி எங்க?" என்று கேட்டார். எலி கடித்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றேன். "எலி உட்டத நீ எறிஞ்சிட்ட" என்று சொல்லிக் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். இரண்டாம் முறையும் திரும்பி வந்தார். மூன்றாம் முறையும் வந்தார். ஒவ்வொரு முறையும் நான் சோறாக்கிப் போட்டேன், துணி துவைத்தேன். எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த வியாழக்கிழமை எங்கள் மாடியில் காய்ந்த துணியெல்லாம் காற்றோடு போனது. மணி நான்கு பத்து. போனின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். ஆனால் திரை மினுக்கிக்கொண்டே இருந்தது. பத்து முறை அவர் பெயர் வந்து வந்து போனது. பதினொன்றாவது முறை எடுத்தேன்.

இதை, படகிலிருந்து தப்பித்து வந்த டில்லிபாபு உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தானாம். நான் மறைக்கவில்லை. வில்சன் சொன்னது இவ்வளவுதான்:

"எல்சி, பலக உட்டுக்கிச்சி. தண்ணி ஏறிக்கினே கீது. எண்ணூர் பொகக்கூண்டு நேரா தெரியுது, கிட்டதான் கீறோம். சங்கத்துல சொல்லி ரெண்டு போட்டு அன்ப்பு, சீக்கிரம்." பிறகு காற்றுக்கு நடுவே சாக்கு கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "எல்சி, மூட்டைல எந் தலகாணி கீது."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பயந்து நான் கேட்டதில்லை. கடலைப் பார்த்துப் பயந்த குரல் இல்லை அது. என் பெயரை மறுபடி ஒரு முறை சொன்னார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மீனவர் சங்க ஆபீஸ் எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தால் நான்கு நிமிடம். நான் போகவில்லை. அலமாரியில் இருந்த துணிகளை எடுத்து மடித்தேன். மடித்தால் எனக்கு மனசு லேசாகும். ஐந்து மணிக்கு அலமாரி பார்க்க அழகாக இருந்தது. ஐந்தடித்ததும் யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. பிறகு அடுப்பு மூட்டினேன்.

டில்லிபாபு காலி டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மறுநாள் காலைவரை மிதந்திருக்கிறான். நான்கு உடல் கிடைத்தது. மேல்மாடி இசக்கியம்மாளின் மகன் வெற்றி அதில் ஒருவன். அந்த அம்மா தன் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு நேராக என்னிடம் வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உனுக்கு மூஞ்சி பாக்கக்கூடக் கெடைக்கலியே எல்சி" என்றாள். அவள் முந்தானையில் மீன் வாடை அடித்தது. அப்போதுதான் மற்றவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன், அது என் தவறுதான்.

வில்சன் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். அலமாரியையும் அனுப்பிவிட்டேன். ஒரு பாய், ஒரு பானை, ஒரு நாற்காலி. கதவு முழுசாகத் திறக்கிறது. இப்படி ஒரு வீடு வேண்டும் என்று பதினோரு வயதிலிருந்து ஜெபம் செய்திருக்கிறேன். ஆனால் தினமும் ஐந்தடிக்கும்போது கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வழியில் ஒன்றுமே இல்லாத வீட்டுக்குள் அவர் எதிலும் இடறாமல் நேராக வந்துவிடலாம் என்று எனக்கு முன்னால் தோன்றவில்லை. நேற்று கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டேன். பிறகு நானே எடுத்தேன். பிறகு மறுபடி போட்டேன். அதனால்தான் இன்று காலை நானாகவே உங்களிடம் நடந்து வந்தேன். இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், சாமான் இருக்கிறது.

எழுதியவரைக்கும் படித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். உன் தங்கையின் காலைப் பிடித்தது வலை, உன் வீட்டு வாசலை அடைத்ததும் வலை, பரணில் ஓரமாகக் கிடந்த மூட்டை யார் வழியையும் மறிக்கவில்லை, பிறகு வலையை விட்டுவிட்டு அதை ஏன் அனுப்பினாய் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி மேடம். அன்றைக்கு ஷாகுல் பாயும் அதையேதான் கேட்டார். வலையைக் காட்டி, "இத்த எட்த்துக்கவா, நல்ல எடை வரும்" என்றார்.

வேண்டாம் பாய் என்றேன். வலை போய்விட்டால் அவர் கடலுக்கே போக மாட்டாரே.