குன்னத்தூர் உடும்பை நடக்க வைத்த மயிலாள் அம்மையாருக்கு

பசித்த உயிர்க்கெல்லாம் பக்குவம் பார்த்துப் பரிமாறிய பண்பின் உருவே! தராசையும் தயவையும் ஒரே கையில் தாங்கிய தகைமையே! வனத்துறையில் முப்பத்தோர் ஆண்டும், அவற்றுள் எங்கள் வன உயிர் மீட்பு மையத்தின் தீனி அறையில் பதினான்கு ஆண்டும் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் மயிலாள் அம்மையே! வணக்கம்.

ஆமைக்குக் கீரையும் மயிலுக்குக் கம்பும் அளந்து வைத்த தங்கள் அருமையை அடுக்கிச் சொல்ல ஆசைதான். ஆனால் 2003ஆம் ஆண்டுப் புரட்டாசியைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் இம்மடல் பொய்யாகிவிடும்.

குன்னத்தூரில் கண்ணியிலிருந்து மீட்டு வந்த பெண் உடும்பை நாங்கள் செல்லமாகத்தான் வளர்த்தோம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இங்கே தீனி கொடுப்பது பனியன் கம்பெனிக்காரர்களின் வழக்கம். அருள்புரம் முதலாளி மணியன் எலும்பில்லாத கோழிக்கறியும் அவித்து உரித்த முட்டையும் பிறந்தநாளோடு நிறுத்தாமல் வாராவாரம் கூடை கூடையாக அனுப்பினார். தொண்டையில் சிக்கிவிடக் கூடாதே என்று நாங்களும் நார்கூட எடுத்துத்தான் போட்டோம். ஆறே மாதத்தில் உடும்பு உருண்டு திரண்டது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. நாங்களோ, கறி போதவில்லை போலும் என்று இன்னும் போட்டோம்.

தாங்கள் மட்டும் அதிகாரியின் மேசை முன் நின்றீர்கள். “பாசத்துல குறையில்லீங்க சார். எலும்பெடுத்த கறியில அதோட எலும்புக்கு என்னங்க இருக்குது? புரட்டாசியில எப்படியும் கறி வராதுங்க. இந்த ஒரு மாசம் எங்கிட்ட உடுங்க” என்றீர்கள். மாதம் முடிவதற்குள் தேறாவிட்டால் பழைய தீனியே தொடரும், தங்களுக்கு இடமாறுதலும் உண்டு என்றார் அவர். சரியென்று தலையசைத்தீர்கள்.

தானியம் போட்டு வளர்த்த வெள்ளை எலியை முழுதாக, வயல் நண்டை ஓட்டோடு, கரப்பானை மருத்துவர் தந்த சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி, மாற்றி மாற்றி அளவாக வைத்தீர்கள். காலை வெயில் விழும் இடத்தில் கல் போட்டீர்கள். உடும்போ ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை.

இங்கே ஓர் உண்மை. பத்தாம் நாள் மனம் பொறுக்காமல் கடையில் வாங்கிய இரண்டு துண்டு கோழிக்கறியைக் கம்பிக்குள் போட்டவன், இம்மடலை எழுதும் எழுத்தர் அர்த்தநாரியாகிய நான்தான். அது தின்றது, மறுநாள் எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தட்டோரம் கிடந்த கறித்துணுக்கைக் கண்டதுமே தங்களுக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அர்த்தநாரி சார், இனி நீங்களே வந்து எலியைப் போடுங்க” என்றீர்கள், அவ்வளவுதான். ஐந்து நாள் கூசிக்கூசிப் போட்டேன். ஆறாம் நாள் உடும்பு எலியைக் கவ்வியபோது என் கண் கலங்கியது. தாங்கள் குறிப்பேட்டில் எடையை எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

புரட்டாசிக் கடைசி நாள் அதிகாரி வந்து நின்றார். வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி, ஐந்தே அடி நடந்து, வெயில் கல்லின்மேல் ஏறிப் படுத்தது உடும்பு. இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறது. மணியனும் கோபித்துக்கொள்ளவில்லை, இப்போது பிறந்தநாளுக்கு எலிக்குக் கம்பு மூட்டை அனுப்புகிறார்.

அம்மையே! தங்கள் முழங்கால் வலி தீரட்டும். மகள் வீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு நலமாக வாழ்க. இன்றைய விருந்துக் கோழிக் குழம்பில் எலும்பை எடுக்கவில்லை. கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலின் இன்னொரு படியைத் தீனி அறைக் கதவருகே மாட்டப் போகிறோம். உரித்த முட்டையோடு உடும்பைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும். நாளைக் காலை தங்கள் தராசருகே நான் நிற்பேன், கையில் கறி இருக்காது.

என்றும் நன்றியுடன்,
வன உயிர் மீட்பு மையப் பணியாளர்கள்
காங்கேயம் சாலை, 30.4.2008