ஹவா கட்டிய முடிச்சு

“எம்மா, குனி! சொவரோட ஒட்டிக்கோ!”

மகன் கத்துகிறான். குனிகிறேன். முட்டி மடங்காத கிழவி. இன்று தவளையாகிவிட்டேன். டம். ஜன்னல் கண்ணாடி உதிர்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. டம். நான் நாலாம் வகுப்புதான். எண்ண மட்டும் வரும்.

சூடான். கார்டூம் நகரம். 2023 ஏப்ரல். சண்டை தொடங்கி ஒன்பதாம் நாள். மகனின் தையல் கடைக்கு மேல் எங்கள் வீடு. கடை வாசலில் டீ விற்பவள் ஹவா. என் வயது. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அரபி தெரியாது. தினமும் இரண்டு மணி நேரம் பேசினோம்.

ஊரை விட்டுப் போக பஸ் வந்துவிட்டது. ஏறுகிறோம். ஹவா ஓடி வருகிறாள். தன் கையிலிருந்த தாயத்தை அவிழ்க்கிறாள். தீப்பெட்டி அளவு. ஓதி எழுதிய காகிதத்தை மடித்து, ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தது. இருந்தால் குண்டு தொடாதாம். என் இடக்கையில் கட்டுகிறாள். மூன்று முடிச்சு. அவள் சொல்வதை மகன் தமிழில் சொல்கிறான்.

“நனைக்கக் கூடாதாம்மா. நீ திரும்பி வந்ததும் அவளே அவுப்பாளாம்.”

“ஏலே, அப்ப அவளுக்கு?”

பஸ் கிளம்பிவிட்டது.

பாலத்தில் சுட்டார்கள். பட் பட் பட். முன் இருக்கைக்காரர் சரிந்தார். என் மேல் அவர் ரத்தம் மட்டும்.

இப்போது தென்காசி. சாரல் காலம். குற்றாலத்தில் எல்லோரும் அருவிக்குள். நான் குடைக்குள்.

“ஆச்சி, அந்தத் தோலக் கழத்தி வச்சிட்டு வாங்க!” பக்கத்து வீட்டுப் பேச்சி கத்துகிறாள்.

“நீ குளிட்டி. எனக்குச் சளி.”

மூன்று சீசனாகச் சளி. வீட்டிலும் இடக்கையைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன்.

கோயில் வாசலில் ஒருவர் தடுத்தார். “தோலோட உள்ள போவக் கூடாது, ஆச்சி.”

“உள்ள அடிக்கிற மேளம் என்ன, வாழையெலையிலயா செஞ்சிருக்கு?”

சிரித்தார். விடவில்லை. செருப்புகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறுதோறும் மகன் ஹவாவின் எண்ணுக்குப் போன் போடுகிறான். மணி அடிப்பதில்லை. பதிவு செய்த ஒரு குரல் அரபியில் ஏதோ சொல்கிறது. வாங்கிக் காதில் வைத்துக்கொள்வேன். “சாப்ட்டியாட்டி?” என்று கேட்பேன். அது சொன்னதையே சொல்லும்.

போனவற்றின் கணக்கு. கடை ஒன்று. தையல் மிஷின் நான்கு. முன் இருக்கைக்காரர் ஒருவர். அவர் பெயர் தெரியாது. ஹவாவையும் சேர்க்கச் சொல்கிறான் மகன். மாட்டேன். மூன்று முடிச்சும் அப்படியே இருக்கின்றன.

அவள் கை வெறுங்கை. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.