பரவாயில்லைங்க, டாக்டர்

"ஹலோ... ஹலோ... இருப்பா, கேக்குது. நான்தான் எடுக்க லேட்டு. உக்காந்திருந்தேன், எந்திரிச்சு வரணும்ல... ஆமா, ஆமா... இப்ப நல்லா கேக்குது. சொல்லு."

போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. நாற்காலியிலிருந்து அதுவரை அவள் வந்த விதத்தை மகன் பார்த்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். முதலில் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றவேண்டும். பிறகு வலது காலை நீட்டி, இடது முட்டியை நம்பி, அது கைவிடுவதற்குள் சுவரைப் பிடித்துவிடவேண்டும். முட்டிக்குள் நறநறவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அவள் காதில் போட்டுக்கொள்வதை விட்டுப் பல காலம் ஆகிறது.

தெருமுனை மருந்துக்கடையில் பாதி ஆயுசை நின்றே கழித்தவள். வேலையை விட்ட பிறகும் தெரு அவளை மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. முட்டிவலி என்று வந்த எத்தனையோ பேருக்குத் தைலம் எடுத்துக் கொடுத்த கை அது. அவளுடைய முட்டி இரண்டும் தேய்ந்துபோன சேதி மட்டும் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அவள் கீழே இறங்கினால்தானே யாருக்கும் தெரியும்.

"ம்... சாப்பிட்டாச்சு... போட்டேன், போட்டேன்... வலி என்னப்பா, பரவாயில்லை... அப்பாவா? இப்பதான் வெளிய போயிட்டு உள்ள வர்றார். செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்கறார்."

வாசலில் நின்ற புருஷனின் இரண்டு கையிலும் வாட்ச் இருந்தது. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆனாலும் வீட்டுக்கு வெளியே அவர் இன்னும் கண்டக்டர்தான். இடது கையில் இருந்தது அவருடைய பழைய வாட்ச். வலது கையில் இளஞ்சிவப்புப் பட்டை போட்ட சின்ன வாட்ச், மகன் அம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியது. கட்டியிருப்பவர் எத்தனை அடி நடந்தாலும் அது எண்ணி, வெளியூரில் இருக்கும் மகனின் போனுக்குச் சொல்லிவிடும்.

முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் நடந்து பாருங்கள், தசைக்குப் பலம் வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துதான் பார்த்தாள். முட்டி பூசணி மாதிரி வீங்கிக்கொண்டது. வாட்ச் கணக்கு குறைந்த அன்று மகன் பதறிப்போய் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றான். அப்போதுதான் அவள் வாட்சைக் கழற்றி, இன்றைக்கு ஒரு நாள் நீங்கள் கட்டிக்கொண்டு போங்கள் என்று புருஷனிடம் நீட்டினாள். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

"என்ன, நல்ல சேதியா... சொல்லேன்... டாக்டருக்கு அனுப்பினியா? எதை... வாட்ச் கணக்கையா... எல்லாத்தையுமா... ஓ."

"ம்... ம்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... அப்ப அடுத்த வாரத் தேதி... ஓ, தள்ளிட்டாரா... இவ்வளவு நடக்கறவங்களுக்கு எதுக்குன்னுட்டாரா... ம். அடுத்த வருஷம் பாக்கலாமா... சரி... சரிப்பா."

கட்டிலுக்கு அடியில் ஒரு பை தயாராக இருந்தது. இரண்டு நைட்டி, ஒரு துண்டு, வழுக்காத புதுச் செருப்பு. தேதி கொடுத்த அன்றைக்கே எடுத்து வைத்தது. அழுகை வரும் என்று அவள் ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. ஐஸ் தண்ணீரில் ரொம்ப நேரம் கையை வைத்திருந்தால் கை யாருடையதோ மாதிரி ஆகிவிடுமே, உள்ளே அப்படி இருந்தது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சந்தோஷம்தான்... இல்லடா, சந்தோஷம்தான்... என் குரல் எப்பவும் இப்படித்தானே... ம்... நடுவுல ஏறிடுச்சா? என்ன ஏறிடுச்சு... நடையா... காலையில மட்டும் இருந்தது... சாயங்காலமும் பார்க்கைச் சுத்தியா... இரு. இரு ஒரு நிமிஷம். எப்பலேர்ந்து அப்படிக் காட்டுது?"

"நல்லா பாத்துச் சொல்லு... தேதி குடுத்த அன்னிலேர்ந்தா."

அவள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தேதி வந்த அன்று சாயங்காலம்தான் இவர் வயிறு மந்தமாக இருக்கிறது, ஒரு சுற்று போய்வருகிறேன் என்று கிளம்பினார். மறுநாளும் மந்தம். அதற்கு மறுநாளும். இவருடைய அண்ணன் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டு போய், மயக்கம் தெளியாமலேயே போய்ச் சேர்ந்தவர். அதைப் பற்றி இவர் வாயே திறந்ததில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்தார், அவ்வளவுதான்.

"என்னங்க... வேணும்னேதான் நடந்தீங்களா?"

கண்டக்டர் சில்லறை இல்லாத பயணியிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி தன் கையையே பார்த்தார்.

"உன்னை இல்லப்பா, அப்பாகிட்ட பேசறேன்... ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல..."

இப்படியே விட்டுவிடலாம். விட்டால் அவருக்கு நிம்மதி, மகனுக்கு நிம்மதி. அவளுக்கு என்ன, இன்னொரு வருஷம் இதே ஜன்னல். அதுவும் பழகிவிடும் என்று தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. குறுக்க பேசாத... அந்த வாட்ச் அப்பா கையில இருக்கு... இப்ப மட்டும் இல்லடா. ரொம்ப நாளாவே... ஆமா... ஆமா. நடந்ததெல்லாம் அவரு... நான் கீழ இறங்கியே எவ்வளவோ நாளாச்சு... பாத்ரூமுக்குப் போறதே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான்..."

"கத்தாத... கத்தாதடா, காது நல்லாத்தான் இருக்கு, கால்தான் போச்சு... சிரிக்கறியா, அழறியா? எனக்குத் தெரியலை..."

"அவரைத் திட்டாத. கழட்டிக் குடுத்தது நான்... அவர் பயந்துட்டார்... உங்க பெரியப்பா விஷயம் தெரியும்ல... அதான். அதேதான்... போனைக் குடுத்தா வாங்கமாட்டார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறார்."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலையா... வாயில வந்தாதானே. பரவாயில்லைங்க டாக்டர்னுதான் வருது... கடையில பழகினது அது. கால் வலிக்குதான்னு முதலாளி கேட்டா வேற என்னடா சொல்றது... ம்... உன்கிட்டயும்தான். ஆமா."

"இப்பவேவா? ஆஸ்பத்திரியை இதே போன்ல சேக்கறியா... தேதியை இன்னும் வேற யாருக்கும் குடுக்கலையா... சாயங்காலம் வரைக்கும்தானா... அப்ப நீயே சொல்லிடேன்... நான் சொன்னாதான் நம்புவாங்களா... சரி. இருக்கேன். வைக்கமாட்டேன்."

காதுக்குள் ஏதோ இசை ஓடியது. சார்ஜர் ஒயர் குட்டை. பேச ஆரம்பித்ததிலிருந்து அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். கண்டக்டர் இளஞ்சிவப்புப் பட்டையோடு மல்லுக்கட்டிக் கழற்றி மேஜையில் வைத்தார். நாற்காலியைத் தூக்கி வந்து அவள் பின்னால் போட்டார். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கவேண்டுமே என்று அவள் தயங்கினாள். அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார், பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஹலோ... வணக்கம் சிஸ்டர்... ஆமா, நான்தான் பேசறேன்... பையன் சொன்னானா... ஆமாங்க, அந்தக் கணக்கு என்னோடது இல்ல... மன்னிச்சுக்கங்க... இப்ப வலி எப்படின்னா..."

'பரவா' என்கிறவரை நாக்கில் வந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் சிஸ்டர் காத்திருந்தார். எங்கோ இன்னொரு ஊரில் மகன் மூச்சுவிடுவது கேட்டது.

"வலிக்குது சிஸ்டர்."

சொன்ன பிறகு தன் குரலே அவளுக்குப் புதுசாகக் கேட்டது.

"ஆமா... நின்னாலும்... உக்காந்தாலும்தான்... படுத்துப் புரண்டா முழிப்பு வந்துடும்... ஆமாங்க, ரொம்ப. ரொம்ப வலிக்குது... மாடிப்படியா? இல்லைங்க, முடியாது... இப்பவும். பேசிக்கிட்டு இருக்கறப்பவும்..."

"தம்பி, நீ சும்மா இரு. சிஸ்டர் பேசட்டும்... சொல்லுங்க... அதே தேதியா? டாக்டர்கிட்ட நீங்களே பேசிடுவீங்களா... சரிங்க... வெறும் வயித்தோட... சரி... பழைய எக்ஸ்ரே இருக்கு..."

"கூட இருக்க ஆளா... மருந்து வாங்க மேல கீழ ஓடணுமா..."

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கண்டக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

"இருக்கார் சிஸ்டர். வீட்டுக்காரர்... வயசானவர்தான். ஆனா நல்லா நடப்பார். டாக்டருக்கே தெரியும்... சரிங்க... சரி. வச்சுடறேன்."