பெட்டிக்குள் பித்தளை

கிளெமென்தே: நல்லாப் பாருங்கக்கா. உள்ள எல்லாம் தேஞ்சு போயிருக்கும்.

ஸெனோபியா: பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். முப்பது வருஷமா இந்த உயுனி ஊர்ல ஜீப்பு பிரிக்கிற கை இது. நீ வெளிச்சத்த மறைக்காம நில்லு.

கிளெமென்தே: ஃபோர்வீல் போட்டா கரகரன்னு சத்தம். நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்குற இந்த ட்ரான்ஸ்ஃபர் பெட்டி அவுட்டுன்னு எழுதிக் குடுத்துடுங்க.

ஸெனோபியா: டாக்டர்கிட்ட வந்து நீயே செத்துட்டேன்னு சொல்லாத. இந்தா, ஷாஃப்ட்டப் புடிச்சு மேல கீழ ஆட்டு.

கிளெமென்தே: ஆடுதுல்ல?

ஸெனோபியா: உன் கைதான் ஆடுது. பேரிங்கச் சுத்துறேன், கேளு.

கிளெமென்தே: ...ஒண்ணும் கேக்கலையே.

ஸெனோபியா: கேக்கக்கூடாது. அதான் நல்ல பேரிங்கு. பெரிய கியர் பல்லப் பாரு, பளபளன்னு... ஒரு சொத்தை இல்ல.

கிளெமென்தே: பளபளப்பும் தேய்மானந்தானக்கா?

ஸெனோபியா: அப்ப உன் மண்டையும் தேஞ்சதுதான்.

கிளெமென்தே: சரி, எண்ணெயப் பாருங்க! அடியில எவ்வளவு தூளு!

ஸெனோபியா: ம்... மினுங்குதே. அந்தக் காந்தத்தக் குடு... ஒட்டல.

கிளெமென்தே: ஒட்டலன்னா ரொம்ப மோசமோ?

ஸெனோபியா: பித்தளைடா. இந்தப் பெட்டிக்குள்ள பித்தளையே கிடையாது. தானா தேஞ்ச தூளு மாவாட்டம் இருக்கும். இது சுருள் சுருளா... அரத்தால ராவுனது. எதை ராவுன, கிளெமென்தே?

கிளெமென்தே: பழைய பூட்டு.

ஸெனோபியா: அடப்பாவி! சொந்த வண்டிக்குள்ளயேவா போட்ட?

கிளெமென்தே: திங்கட்கிழமை என் பொண்டாட்டி ஓட்டப் போறாளாம்! பிரேசில் டூரிஸ்ட்டு ஆறு பேர ஏத்திக்கிட்டு உப்புவெளியக் கடக்கப் போறாளாம். இத்தனை வருஷமா நான் ஓட்டுவேன், தோமசா சமைப்பா. இப்ப எங்கயோ போய் லைசென்ஸ் வாங்கிட்டு வந்து நிக்கிறா, இனி நான் சமைக்கணுமாம்.

ஸெனோபியா: ஓட்டட்டுமே.

கிளெமென்தே: நான் பாத்து ஸ்டியரிங்கத் தொட்டதே இல்லக்கா அவ! மழைத் தண்ணி வேற நிக்குது. புதைஞ்சா? அதுவுமில்லாம... பெட்ரோல் வரிசையில நம்ம டிரைவருங்க விடுவானுங்களா? "என்ன சமையல்காரரே, சூப்பு ஆச்சா"ம்பானுங்க.

ஸெனோபியா: ஓ... பயம் தண்ணிக்கா, சூப்புக்கா?

கிளெமென்தே: ரெண்டுக்கும். ஒரே ஒரு பொய் சொல்லுங்கக்கா. ஒரு வாரத்துக்கு.

ஸெனோபியா: முடியாது. பெட்டி நல்லாருக்கு. கழுவி மூடப்போறேன், தள்ளு.

கிளெமென்தே: இருங்க... அதுக்குள்ள என்ன அவசரம்? இது என்ன? லோ கியர் பல்லு முனையெல்லாம் மழுங்கிக் கெடக்கு!

ஸெனோபியா: எது? அதுவா... வயசாயிருச்சுல்ல.

கிளெமென்தே: வயசா! ஹை கியர் பக்கம் மட்டும் புதுசாட்டம் இருக்கு? வண்டி ஓடும்போதே லோவுக்கு இழுத்தாத்தான் இப்படி ஆகும். முழுசா நிறுத்தாம நான் லோ போட்டதே இல்ல. இத நான் ராவலக்கா, சத்தியமா!

ஸெனோபியா: தெரியும்.

கிளெமென்தே: என்ன தெரியும்? அக்கா, என் வண்டிய யாரு ஓட்டுனா?

ஸெனோபியா: நிறுத்திட்டுப் போடுடி, நிறுத்திட்டுப் போடுடின்னு தொண்டை கிழியக் கத்துனேன்... முதல் மாசம் எங்க கேட்டா! மூணு மாசமா, நீ சாப்ட்டுட்டுக் குறட்டை விடுற மதியமெல்லாம் நாங்க உப்புலதான் கெடந்தோம். இப்ப உன்னைவிட நேரா ஓட்டுறாடா தோமசா.