ஹவுளடி மாபிளைக் கொத்திய விடயம்

எனது பெயர் உதுமாலெவ்வை ஆதம்பாவா. வயது எழுபத்தொன்று. தொழில் விவசாயம். வசிப்பது கல்முனைக்குடியில், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின் அறையில். பள்ளிவாசல் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக நம்பிக்கையாளர் சபைத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் இந்தப் பொலிஸ் நிலையத்தில் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கியது. கொத்தியவன் நான்தான்.

சென்ற நோன்புக்கு முன்னர் எங்கள் குறிச்சிப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்கும் ஹவுள் தொட்டியிலிருந்து தொழும் மண்டபத்து வாசல் வரை இருந்த பழைய சீமெந்துத் தரையை உடைத்து, முகம் தெரியும் மாபிள் பதித்தார்கள். கட்டாரில் தொழில் பார்க்கும் ஒருவர் மௌத்தாகி அடக்கமான தன் உம்மாவின் பேரில் செய்து கொடுத்த தருமம் அது. தருமத்தைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. கால் கழுவிய ஈரத்தோடு அதில் நடக்க வேண்டுமே என்று யோசிக்கவும் எவருமில்லை. அதன் பின்னர் நான் வீட்டிலிருந்து தென்னந்தும்புப் பாய் கொண்டுபோய் விரித்தேன். அந்த உம்மாவின் பேர் வெட்டி நடுவில் பதித்த கல்லைப் பாய் மறைக்கிறது என்று சுருட்டி வெளியே வைத்துவிட்டார்கள்.

அதன் பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்த என் மச்சான் பளீல் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. வரிப்பத்தான்சேனை வயலில் மாரி மழையிலும் வரம்பால் மூட்டை சுமந்தவர், ஒருநாளும் விழாதவர், பள்ளிக்குள் விழுந்தார். நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர், "விழுற பயமெண்டா வயசு போன ஆக்கள் ஊட்டயே தொழுங்களன் காக்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பின்னர் பளீலைப் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் கிடந்தபடி, "பள்ளிக்கிப் போகேலாட்டி நான் என்னத்துக்கு எழும்பி நிக்கிற?" என்று கேட்டார். 

அதன் பின்னர் செவ்வாய்க்கிழமை பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், சுத்தியலும் உளியும் எடுத்து, ஆட்கள் பார்த்திருக்க, ஹவுளடியிலிருந்து வாசல் வரை ஒருவர் நடக்கும் அகலத்துக்கு மாபிளின் மேற்புறத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கினேன். பாங்கு சொல்லும் மோதினார் தடுத்தார். நான் நிறுத்தவில்லை. பேர் வெட்டிய கல்லில் மட்டும் கை வைக்கவில்லை. அந்த உம்மாவுக்கு நன்மை சேரட்டும். ஆட்கள் விழுந்தெழும்பினால் என்ன நன்மை சேரும்?

கோபத்தில் செய்தீர்களா என்று கேட்கப்பட்டது. ஓம், கோபம்தான். அதற்காகக் கண்மண் தெரியாமல் கொத்தவில்லை. சபையிடம் மன்னிப்புக் கேட்டால் சமாதானமாக முடிக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. கேட்க மாட்டேன். அதே மாபிளைத் திரும்பப் பதித்தால் திரும்பக் கொத்துவேன். நடக்கக் கால் இருக்கும்வரை அந்த ஹவுளில் கழுவி அந்த வாசலால்தான் போவேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு, இங்கே முறைப்பாடு செய்துவிட்டு வந்த தலைவர் ஹவுளில் கால் கழுவினார். அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். பளபளப்பான பக்கத்தில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், சுவரைப் பிடித்துச் சுற்றி வந்து, நான் கொத்திய பாதையாலேயே உள்ளே போனார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், நடந்ததும் அதுதான். கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை.

(ஒப்பம்) உ. ஆதம்பாவா