வடிகட்டியில் சேர்ந்த பஞ்சு

துவாலைகளைத் தனியாக உலர்த்துவதுதான் நல்லது, சார். மெல்லிய துணிகளோடு சேர்த்துப் போட்டால் சட்டையெல்லாம் காய்ந்து மொடமொடவென்று ஆன பிறகும் துவாலை ஈரமாகவே இருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் மெஷினைக் கவனித்துக்கொண்டது நான்தான். ஒவ்வொரு தடவை ஓடி முடித்ததும் வடிகட்டியை உருவி, அதில் படிந்திருக்கும் பஞ்சை விரலால் வழித்தெடுப்பேன். குட்டிப் போர்வை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வரும். அவ்வப்போது வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பேன். பின்பக்கம் சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டுத் துழாவுவேன். குழாய் வெளிச்சுவரில் முடியும் இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. மெஷின் ஓடும்போது அது படபடவென்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் உள்ளே எங்கோ அடைப்பு என்று அர்த்தம்.

இதற்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் பேசாமல்தான் சாப்பிடுவார். வீடு அமைதியாக இருந்தது.

போன வருடம் அவருடைய தங்கை கணவனோடு ஒத்துவராமல் எங்களிடம் வந்து சேர்ந்தாள். மெஷின் இருந்த இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றி அதை அவளுக்குக் கொடுத்தோம். அங்கிருந்து வெளியே வர மெஷினைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்போது நான் அதை யோசிக்கவே இல்லை.

நாத்தனாரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண், கலகலப்பானவள். அவள் வந்த பிறகு என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அவளிடம் இருந்த ஒரே பிரச்சினை வடிகட்டி. ஒரு கைக்குட்டைக்காகக்கூட மெஷினை ஓடவிடுவாள். துணியை வாரிக்கொண்டு போய்விடுவாள்.

"துணி எடுத்ததும் இதை ஒரு தடவை வழிச்சு விட்டுடும்மா," என்றேன்.

"சரிங்க அண்ணி," என்றாள். செய்யவில்லை. மறுபடியும் சொன்னேன். அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் ஆரம்பித்தாள்.

"அண்ணா, அண்ணி அந்த மெஷினுக்குத் தினமும் மூக்கு சிந்தி விடுறாங்க. தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்புறதுதான் பாக்கி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவளை விடு. அவ பஞ்சு டாக்டர்," என்றார்.

அவரும் நகைச்சுவையாகப் பேசுவார் என்பது எனக்குப் புதிய செய்தி. அன்று முதல் எனக்கு அதுதான் பெயர். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். நானும் கூடவே சிரித்தேன்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அப்படி நடுங்கினால் அந்தக் குழாயின் திருகைக்கூடக் கழற்ற முடியாது. வாயால் சொன்னால் காதில் ஏறாதவர்களுக்குக் கண்ணெதிரே காட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வழித்த பஞ்சைக் குப்பையில் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு பையில் சேர்த்து வைத்தேன். பெரும்பாலும் அவளுடைய துணியிலிருந்து வந்ததுதான். அவளிடம் இருந்த சிவப்புப் போர்வையின் நிறம் அதில் நன்றாகத் தெரிந்தது.

அவளுக்கு முழங்கால் வலி இருந்தது. எண்ணெய் தேய்த்துப் பழைய துணியைச் சுற்றிக்கொள்வாள். அந்தத் துணிகளை எவ்வளவு துவைத்தாலும் மெஷினில் போடக் கூடாது. எண்ணெய் ஊறிய துணி சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் அவற்றை எப்போதும் வெளியே கொடியில்தான் போடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு, வலிக்கான மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அந்த மாத்திரை போட்டால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். பையில் இருந்த பஞ்சைக் குழாயில் திணித்தேன். அவளிடமிருந்து வந்தது அவளுக்கே போகட்டும் என்று தோன்றியது. எண்ணெய்த் துணிகளை உள்ளே போட்டுச் சூட்டைக் கூட்டிவைத்தேன். புகை வந்தால் கூவுமே, கூரையில் ஒரு கருவி, அதைத் துடைப்பதற்காக முன்பே கழற்றியிருந்தேன்.

மாத்திரை இன்னும் முழுதாக ஏறவில்லை போலிருக்கிறது, மெஷின் ஓடும் சத்தத்தில் அவள் லேசாகக் கண் திறந்தாள்.

"எனக்காகவா அண்ணி துணி போடறீங்க? விடுங்க, நான் எழுந்து பாத்துக்கறேன்."

"இருக்கட்டும், நீ தூங்கு."

"நீங்க மட்டும் இல்லன்னா நான் எங்க போயிருப்பேனோ," என்றபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன். பிரஷ் தேய்ந்துபோயிருந்தது, புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது தெருவே கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் பாதி முடி வெட்டிய தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படிச்சுப் படிச்சுச் சொன்னியே. நாங்கதான் கேலி பண்ணிட்டோம். உன் பேச்சைக் கேட்டிருக்கணும்," என்று தேம்பினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் அத்தோடு விட்டிருப்பேன், சார். உங்களுக்கு இந்தச் சிரமமே இருந்திருக்காது.

நேற்று தீயணைப்பு அதிகாரி வந்தார். கருகிய மெஷினுக்குப் பக்கத்தில் நின்று குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வாசலில் நிற்கும்போதே சொன்னார்: "வருஷக்கணக்கா இதை யாரும் சுத்தமே பண்ணலை. வீட்டுல ஒருத்தராவது கவனிச்சிருந்தா அந்தப் பொண்ணு பொழைச்சிருக்கும்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை.

அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, சொன்னதைத் திருத்தச் சொல்லுங்கள். அன்று காலையில்கூட அந்தக் குழாயைத் துழாவிக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அடைத்தேன். நாத்தனாரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. சுத்தம் செய்யாமல் விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.