வறுத்த மண்

“மண்ணுல ஒரு கிருமி இருக்காது கண்ணு. உங்கம்மா சட்டியில போட்டு வறுத்துப்போட்டா.”

தேவராஜ மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்றவர் தன் மகளிடம் சொன்னது. ராமாபுரத்திலிருந்து மண் பையோடு வந்திருந்தார். மகள் ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் நடந்தாள்.

“ஐயோ, அந்தக் கிருமிதானுங்கப்பா வேணும்! போன தடவை நம்ம கிணத்தோர மண்ணுல கெடைச்ச கிருமிதான் எங்க லேப்ல கேன்சர் செல்லைக் கொன்னுச்சு. அந்தக் கிருமி செத்துப்போச்சுன்னுதானே மறுபடி மண்ணு கேட்டேன்?”

“எங்களுக்கு என்ன தெரியும்? கேன்சர் ஊசி போட்டுட்டு வந்த உடம்போட அடுப்புகிட்ட நின்னு வறுத்தா. பொண்ணு கைக்குச் சுத்தமான மண்ணுதான் போகோணும்னா.”

மகள் நின்றாள். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு அம்மா பாக்காம வேற மண்ணு அள்ளிட்டு வாங்கப்பா. இது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க.”